சுவர்ணரேகாவுக்கு முன்னால் ஒரு குளம்

ஹவுராவில் ரயிலை விட்டு இறங்கியதும் அக்கா கேட்ட முதல் கேள்வி: "ஏட்டி, கத்தி கொண்டாந்தியா?"

பக்கத்தில் பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த தமிழ்க் குடும்பம் ஒன்று அதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது. கொண்டுவந்திருந்தேன். மடக்குக் கத்தி ஒன்று, நைலான் கயிறு முப்பது அடி, நெற்றியில் மாட்டும் விளக்கு இரண்டு, அம்மா கொடுத்துவிட்ட உடன்குடிக் கருப்பட்டி.

என் அக்கா திலகத்துக்கு நாற்பத்தொன்பது வயது. அத்தானுக்குத் துறைமுகத்தில் வேலை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் கல்கத்தாவாசிதான்; பெஹாலாவில் மூன்றாவது மாடியில் வீடு. மகன் புனேக்குப் படிக்கப் போன வருடம், வீட்டில் நேரம் போகவில்லை என்று லேக் மார்க்கெட் பக்கத்து ஏரியில் துடுப்புப் படகு ஓட்டப் பழகினாள். ஆறு வருடமாகியும் விடவில்லை. வாரத்தில் மூன்று நாள் விடியும்போது ஏரியில் இருப்பாள். நான் அவளைவிட ஐந்து வயது இளையவள். திருநெல்வேலியில் தபால் ஆபீஸில் வேலை.

"சுவர்ணரேகா ஆத்துல நாலு நாள், கயாக்ல போவோம். நீயும் நானும் மட்டும். மணல்லயே கூடாரம் அடிச்சுப் படுப்போம். ஒரு வாரம் முன்னாலயே வந்துரு, திட்டம் போடணும்" என்று போனில் சொன்னாள். நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கயாக் என்றால் என்ன படகு என்று தேடிப் பார்த்தேன்.

பெஹாலா வீட்டில் சாப்பாட்டு மேசையைக் காணவில்லை. அதாவது, மேசை இருந்தது. அதன்மேல் வானத்திலிருந்து எடுத்த ஆற்றுப் படங்களைத் தாள் தாளாக ஒட்டி ஆறடி நீளத்துக்கு ஒரு வரைபடம் விரித்திருந்தாள். நான்கு மூலைகளிலும் காபி டம்ளர்கள். தங்கும் இடங்களுக்குச் சிவப்பு வட்டம். மேல் முனையில், காட்சிலா பக்கம், நீலப் பென்சிலால் ஏழெட்டு இடத்தில் கட்டம் போட்டிருந்தது.

"இதெல்லாம் பாறை. தண்ணி இதுக்கு நடுவுல வளைஞ்சு விழுந்து போவும். மொத நாளே இதுதான்" என்றாள். திருமண ஆல்பத்தைக் காட்டுகிற குரல்.

அத்தான் கிண்ணத்தில் பொரியும் பச்சை மிளகாயும் வைத்துக்கொண்டு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மீதி சோபாவில் படகு கிடந்தது. காற்றடித்தால் பன்னிரண்டடிக்கு நீளும் இருவர் கயாக். இப்போது மடித்த கம்பளி மாதிரி இருந்தது. ஆற்றுப் பேச்சு ஓடிய மூன்று மணி நேரத்தில் அத்தான் பேசியது ஒரே வாக்கியம். "மேல தடுப்பணையில தண்ணி எப்பத் தொறப்பாங்கன்னு கேட்டியா?"

"கேப்பேன்" என்றாள் அக்கா. அவர் மறுபடியும் பொரிக்குத் திரும்பினார். அத்தானுக்கு இதில் இஷ்டமில்லை என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் லேக் மார்க்கெட் போனோம். அங்கே போனால் நம் ஊர் வாசனை வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். வருகிறது, ஆனால் நடுவில் கெளுத்தி மீனும் சாமந்தி மாலையும் குறுக்கே வந்து வந்து போகின்றன. ஒரு ஓட்டலில் தோசை சாப்பிட்டோம். தோசை தோசையாகவே இருந்தது. சாம்பார் மட்டும் ஊர் மாறிப் போய்ச் சர்க்கரை பழகியிருந்தது.

மளிகைக் கடையில் கல்லாவில் இருந்தவருக்கு எழுபது வயது இருக்கும். நெற்றியில் விபூதி, கழுத்தில் மஃப்ளர். அக்கா பட்டியலை நீட்டி, "நாலு நாளைக்கு ஆத்துக்குப் போறோம் மாமா. கெட்டுப் போகாம இருக்கணும்" என்றாள்.

"ஆத்துக்கா? பேஷா போயிட்டு வாங்கோ. எந்த ஊர்?"

"ஜார்க்ராம் பக்கம்."

"அங்க யாராத்துல தங்கறேள்?"

"யார் ஆறும் இல்ல மாமா, கவர்மென்ட் ஆறுதான்" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பட்டியலில் இருந்த புளிக்காய்ச்சலைப் பார்த்தார். எங்கள் ஊரில் ஆறு ஆத்தாகிறது, அவர் வீட்டில் அகம் ஆத்தாகிறது. இது புரிந்து மூன்று பேரும் சிரித்து முடிப்பதற்குள் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. விஷயம் தெரிந்ததும் அவர் சுறுசுறுப்பாகிவிட்டார். அப்பளம் வேண்டாம், ஈரத்தில் நமத்துப்போகும், வடகம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். புளிக்காய்ச்சலுக்குப் பதில் புளியோதரைப் பொடியை இரண்டு பைகளில் தனித்தனியாகக் கட்டிக் கொடுத்தார். "ஒண்ணு ஜலத்துல விழுந்தாலும் இன்னொண்ணு இருக்கும்." அந்த வாரத்தில் நாங்கள் கேட்ட மிக நல்ல யோசனை அதுதான்.

மூன்றாம் நாள் ஹவுராவுக்குப் போகவேண்டியிருந்தது. பம்பின் வாயும் படகின் வாயும் பொருந்தவில்லை. இடையில் வைக்கப் பித்தளையில் ஒரு சின்ன வளையம் கடைய வேண்டும். துடுப்பு ஒன்றின் நடு இணைப்பும் ஆடிக்கொண்டிருந்தது. எனவே பம்பு, படகிலிருந்து கழற்றிய வாய் இவற்றோடு துடுப்பையும் தூக்கிக்கொண்டு போனோம். இரண்டு முனையிலும் தட்டையாக இருக்கும், ஏழடி நீளத் துடுப்பு.

ஒரு சந்துக்குள் லேத் பட்டறை. ஒரு ஆள், ஒரு மெஷின், சுவரில் போன வருடத்துக் காளி படக் காலண்டர். அவர் படகின் வாயில் விரலை விட்டுப் பார்த்தார், பம்பின் வாயிலும் விட்டுப் பார்த்தார். அளவுகோலை எடுக்கவே இல்லை. கடைந்து முடித்த வளையம் 'டிக்' என்று போய் உட்கார்ந்தது. துடுப்பின் இணைப்பையும் இனி கழற்ற முடியாதபடி இறுக்கிக் கொடுத்தார். "எந்த நதி?" என்று கேட்டார். அக்கா சொன்னாள். "இரண்டு பெண்கள் மட்டுமா?" ஆமாம் என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு அதே அளவில் இன்னொரு வளையம் கடைந்து என் கையில் வைத்தார். மளிகைக்கடை மாமாவுக்கு இவர் அண்ணன் தம்பி ஏதும் ஆகுமோ என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது ஹூக்ளிப் படகுத்துறையில் கூட்டம். அக்கா ஒரு படகைக் காட்டி "ஏறு, ஏறு" என்றாள். ஏறினோம். என் பின்னால் இரண்டு ஆண்கள் துடுப்பைப் பற்றி வங்காளத்தில் பேசிக்கொண்டார்கள். அக்கா காதோடு மொழிபெயர்த்தாள்.

"ஒட்டடை அடிக்கிறதுன்னு சொல்லுதான். மத்தவன், இல்ல, கல்யாண வீட்டுல பெரிய வாணலியில பூரி திருப்புறதுங்கான்."

அவள் சிரித்து முடித்து நிமிர்ந்தபோது படகு தெற்கே போகாமல் ஹவுரா பாலத்துக்கு அடியில் புகுந்து வடக்கே போய்க்கொண்டிருந்தது. நாங்கள் ஏறியது பாக்பஜார் படகு. முக்கால் மணி நேரம் வீண். பஸ்ஸில் துடுப்பை ஏற்ற விடவில்லை; கடைசியில் ஒரு மஞ்சள் டாக்சியின் இரண்டு ஜன்னல்களுக்கும் குறுக்கே அதைக் கொடுத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நகரத்தின் நீளம் முழுக்க வந்தோம். "அத்தான்ட்ட சொல்லாதே" என்றாள் அக்கா. "ஆத்துல வழி காட்டப் போறவ ஹூக்ளியில வழி தப்பிட்டான்னு ஆபீஸ் பூரா சொல்லிருவாவ."

அன்று சாயங்காலம் பிஜோலி-தி வந்தாள். தி என்றால் இங்கே அக்கா. எல்லோருக்கும் அவள் அக்காதான். எதிர் வீட்டில் படுக்கையிலிருக்கும் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவள். அவளுடைய ஊர் சுவர்ணரேகா கரையில், கோபிபல்லவ்பூருக்குப் பக்கம். டீக்கு நான் கருப்பட்டி தட்டிப் போட்டிருந்தேன். ஒரு வாய் குடித்து, "இதில் புகை வாசம் இருக்கிறது" என்றாள். பிடித்ததா என்று தெரியவில்லை, ஆனால் இரண்டாவது டம்ளர் கேட்டாள். இங்கே இந்த டிசம்பர் மாதத்தில் ஈச்சமரப் பதநீரில் வெல்லம் காய்ச்சத் தொடங்கிவிடுவார்கள். ரசகுல்லா முதல் பாயசம் வரை எல்லாம் அந்த நிறத்துக்கு மாறிவிடுகிறது.

வரைபடத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தவளுக்கு முதலில் எதுவும் பிடிபடவில்லை. பாலம் எது என்று அக்கா காட்டியதும் கண் விரிந்தது. அங்கிருந்து விரலால் ஆற்றோடு இறங்கி வந்து, எங்கள் இரண்டாவது சிவப்பு வட்டத்தில் நிறுத்தினாள்.

"இங்கே படுக்கப் போகிறீர்களா? இந்தக் கரையில் சால் மரக் காடு. அந்தக் கரையில் நெல், இப்போது பழுத்து நிற்கும். நடுவில் நீங்கள். டாகுர் எந்த வழியாகப் போவார்?"

டாகுர் என்றால் சாமி. அவள் ஊரில் யானையைப் பெயர் சொல்ல மாட்டார்களாம்.

பிஜோலி-தி விரலை இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்தினாள். அங்கே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, கரையில் இறங்கி யாரிடமாவது கேளுங்கள், திண்பண்டமும் வெளிச்சமும் வைத்துக்கொண்டு மணலில் கிடக்காதீர்கள் என்றாள். பாபநாசத்தில் அகத்தியர் அருவிக்குப் போகும் வழியில் யானைச் சாணத்தைப் பார்த்தாலே பைக்கைத் திருப்புகிற எனக்கு, இது உடனே விளங்கியது. அக்காவுக்கோ சிவப்பு வட்டத்தை அழிக்க மனசு வரவில்லை. "பள்ளிக்கூட வராந்தாவுல படுக்கறதுக்கு எதுக்குட்டி டென்ட்?" என்று முனகிக்கொண்டே அழித்தாள்.

நான்காம் நாள் காலை, படகைத் தண்ணீரில் சோதிக்கப் போனோம். ஏரிக்கு இல்லை, வீட்டுக்குப் பின்தெருவில் இருக்கும் குளத்துக்கு. தெருக்காரர்கள் துணி துவைக்கவும் குளிக்கவும் செய்கிற குளம். நான்கு பக்கமும் அடுக்குமாடி வீடுகள், ஒரு பக்கம் படித்துறை. நாங்கள் படகுக்குக் காற்றடித்து முடிப்பதற்குள் படித்துறையில் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். ஆண்கள் எல்லோரும் குரங்குக் குல்லாய் போட்டிருந்தார்கள். எங்களூர் மார்கழியைவிடச் சற்றே குளிர்ச்சி, அவ்வளவுதான். ஆனால் டிசம்பர் என்றால் கல்கத்தாவில் தலையை மூடியாக வேண்டும்.

அக்கா படகில் இருந்தால் வேறு ஆள். முதுகு நிமிர்ந்துவிடுகிறது. துடுப்பு சத்தமில்லாமல் இறங்கி ஏறுகிறது. நான்கு சுற்று வந்தோம். நான் போட்ட துடுப்பெல்லாம் தண்ணீர் இறைத்ததோடு சரி, படகு அவள் சொன்னபடிதான் போனது. பிறகு கவிழ்ந்து எழும் பயிற்சி. அதையும் திட்டத்தில் அவளே எழுதி வைத்திருந்தாள்.

"மூணு எண்ணுதேன். வலது பக்கம் சாய்ஞ்சுரு. மேல வந்ததும் படகப் பிடிச்சுக்க, பயப்படாதே."

சாய்ந்தோம். தாமிரபரணியில் குதித்து வளர்ந்த எனக்கு அது ஒன்றுமேயில்லை. மேலே வந்தேன். குப்புறக் கிடந்த படகைப் பிடித்தேன். அக்காவைக் காணோம்.

படகுக்கு அடியிலிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. லைஃப் ஜாக்கெட் அவளை மேலே தள்ளுகிறது, மேலே படகு கிடக்கிறது, அவள் நகரத் தெரியாமல் அதை உள்ளேயிருந்து அறைந்துகொண்டிருக்கிறாள். நான் ஓரத்தைத் தூக்கினேன். அவள் என் கழுத்தைப் பிடித்தாள். அந்தப் பிடி அக்காவுடையது இல்லை; யாருடையதும் இல்லை. நான் தண்ணீருக்குள் போனேன். இரண்டு வாய் குடித்தேன். அவள் விரல்களைப் பிய்த்து, ஜாக்கெட்டின் முதுகுப் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தேன். ஒரு குரங்குக் குல்லாய்ப் பெரியவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் குடையை நீட்டிக்கொண்டு நின்றார்.

துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் ஏதோ சொன்னாள். அக்கா மொழிபெயர்க்கவில்லை. எனக்கே விளங்கியது: இவளுக்கு நீச்சல் தெரியாது.

வீட்டுக்கு வந்து தலை துவட்டி, உடை மாற்றி, அடுப்பில் பால் பொங்கிய பிறகுதான் நான் கேட்டேன். "ஆறு வருஷமா படகு ஓட்டுத. நீச்சல் தெரியாமலா? சின்னதுல ஆத்துல படியவிட்டு எறங்க மாட்ட, ஏரியில கத்துக்கிட்டன்னுல்லா நெனச்சேன்."

"சேரும்போது நீந்திக் காட்டச் சொன்னாவ. ஓரத்துலயே போனேன், பாதித் தூரம் கால் ஊனி நடந்தேன். பாத்துக்கிட்டு இருந்தவருக்கு அந்நேரம் போன் வந்துது. பேர் சேர்த்துட்டாவ." பாலை இறக்கி வைத்தாள். "ஆறு வருஷத்துல ஒரு தடவகூட நான் தண்ணில விழல்ல, சாந்தி."

"விழல்லன்னா தெரியும்னு அர்த்தமா? பாறைக்கு நடுவுல கவுந்திருந்தா? நான் அங்ஙன உன் கைல செத்திருப்பேன்."

"அந்த ஏரி சுத்தி வந்தா இருபது நிமிஷம். எத்தன தடவ சுத்துவேன்? நேரா எங்கயாவது போற தண்ணி வேணும்னு இருந்துது. உங்கிட்ட சொன்னா வரமாட்டேன்னுருவ."

"வந்திருக்க மாட்டேன்தான்."

கழுத்தில் நகக்கீறல் எரிந்தது. நான் என் பையை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அத்தான் ஆபீஸிலிருந்து வந்ததும் நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. தெருமுனை டீக்கடையிலேயே கேட்டுவிட்டார். என்னைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். வெயில் இன்னும் இருந்தது. பக்கத்து மாடியில் யாரோ பஞ்சு ரஜாய்ப் போர்வையைக் காயப்போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அவளுக்கு நீச்சல் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரிஞ்சா சொல்லியிருக்க வேண்டாமா அத்தான்?"

"முன்ன ஒரு தடவ அவளத் தடுத்தேன். பையன் சின்னவனா இருக்கும்போது அவளுக்கு பேங்க்ல ப்ரமோஷன் வந்துது. கௌஹாத்தி போகணும். நான்தான் வேண்டாம்னேன். அவ போகல்ல. கொஞ்ச நாள்ல வேலையவே விட்டுட்டா. அதப் பத்தி இதுவரைக்கும் ஒரு வார்த்த சொன்னதில்ல." டிபன் பையைக் கை மாற்றிக்கொண்டார். "அதுக்கப்புறம் அவளப் பாத்து வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரமாட்டேங்கு. அதான், போறதுன்னா சாந்தியக் கூட்டிட்டுப் போன்னு சொன்னேன். அவ வேற யாரோ படகுக்காரப் பொண்ணக் கூப்பிட இருந்தா. நீன்னா நீந்துவ."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அப்படியானால் நான் தங்கை இல்லை, டயர் டியூப். அதை அப்படியே சொல்லிவிட்டேன். அத்தான் மறுக்கவில்லை. "ஆமா" என்றார். "மன்னிச்சுக்க." அந்த வயதில் ஒரு மனிதர், கையில் டிபன் பையோடு நின்று அப்படிச் சொன்னால் அதற்கு மேல் என்ன சண்டை போடுவது?

கீழே வந்து அக்காவின் கதவைத் தட்டினேன். "மூணு நாள் இருக்கு. தெனமும் குளத்துல எறங்கணும். கவுந்து எந்திரிக்கணும். ரெண்டாவது, பாறை இருக்கற மொத நாள் வேண்டாம். கீழ மணல் ஆத்துல எறங்குவோம். சம்மதம்னா இருக்கேன்."

"குளத்துக்குச் சரி. பாறைய விடமாட்டேன்."

ஐந்தாம் நாள் பதினோரு தடவை கவிழ்ந்தோம். அதில் பத்து தடவை அவள் அலறினாள். நீச்சல் சொல்லிக்கொடுக்க எனக்கு வராது, மூன்று நாளில் யாருக்கும் வராது. மூச்சைப் பிடி, கையை வைத்துப் படகின் ஓரத்தைத் தேடு, வெளியே வா, கயிற்றைப் பிடி, காலை உதை. இவ்வளவுதான். படித்துறைக்காரர்கள் எண்ணிக்கை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். குடைப் பெரியவர் ஒவ்வொரு தடவையும் "பாஹ், பாஹ்" என்று பாராட்டினார், அவள் அலறினாலும். துணி துவைக்கிற பெண் தன் பக்கெட்டைத் தள்ளி வைத்து இடம் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் அத்தான் வாங்கி வைத்திருந்த லூச்சி என்கிற மைதாப் பூரியையும் உருளைக்கிழங்கையும் இருவரும் பேசாமல் தின்று தீர்த்தோம்.

ஆறாம் நாள் ஆறு தடவை. அலறல் இரண்டு.

ஏழாம் நாள் காலை எழுந்தபோது அக்கா வீட்டில் இல்லை. குளத்துக்கு ஓடினேன். அவள் படியில் உட்கார்ந்திருந்தாள், உடம்பு முழுக்க நனைந்து, உதடு நீலமாக. படகு இல்லை. ஜாக்கெட் மட்டும் போட்டுக்கொண்டு தனியாக எதிர்க் கரைவரை போய் வந்திருக்கிறாள். துணி துவைக்கிற பெண் அவளுக்குத் தன் துண்டைக் கொடுத்திருந்தாள்.

"நடுக் குளத்துல கால்ல ஏதோ பட்டுது" என்றாள். "மீனா பாசியான்னு தெரியல்ல. அப்பிடியே நின்னுட்டேன். ஜாக்கெட் தூக்குது, ஆனா எனக்குக் கை வரல்ல, கால் வரல்ல. நூறு எண்ணுற வரைக்கும் அப்பிடியே கெடந்தேன். அப்புறந்தான் வந்தேன்."

வீட்டுக்கு வந்து ஈரத்தலையோடு மேசைக்குப் போனாள். வரைபடத்தின் மேல் முனையில் ஒட்டியிருந்த இரண்டு தாள்களை நகத்தால் நெம்பிப் பிரித்தாள், நீலக் கட்டங்கள் அத்தனையும் அதில் போயின. மடித்து அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். அத்தான் அன்று லீவு. தடுப்பணைக்கு அவரே போன் போட்டு, ஒரு வாரத்துக்குத் தண்ணீர் திறக்கும் யோசனை இல்லை என்று கேட்டு எழுதிவைத்தார். நாலு நாள் மூன்று நாளாகியது. சுமையைக் கட்டி முடித்தபோது ஒரு பையில் இடம் மிஞ்சியது. அக்கா அதில் இன்னொரு பொட்டலம் வடகத்தைத் திணித்தாள்.

மறுநாள் ரயிலில் ஜார்க்ராம், அங்கிருந்து வாடகை வண்டி. கரைக்கு வரும்போது மணி பத்து. நான் தாமிரபரணிக்காரி; இவ்வளவு மணலை ஒரு ஆற்றில் பார்த்ததில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வெண்மணல், நடுவில் மூன்றாகப் பிரிந்து ஓடும் தண்ணீர், அதில் முழங்காலளவில் வலை வீசும் ஒரே ஒரு ஆள். பேச்சுச் சத்தமே இல்லை.

படகுக்குக் காற்றடித்தோம். ஹவுராக்காரரின் பித்தளை வளையம் சொன்ன வேலையைச் செய்தது. பைகளைக் கட்டினோம். அக்கா ஜாக்கெட்டின் வார்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். பின் இருக்கை அவளுடையது. ஏறுவாள் என்று நான் படகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் ஏறவில்லை. படகைத் தாண்டித் தண்ணீருக்குள் நடந்தாள். முழங்கால், இடுப்பு, மார்பு. ஆழமான கிளையில் கால் எடுபட்டது. நீரோட்டம் அவளைப் பத்தடி தள்ளிக்கொண்டு போனது. நான் கயிற்றை எடுத்துவிட்டேன். அவள் தலை ஒரு தடவை முழுகியது, வந்தது, கைகள் இரண்டும் தண்ணீரைத் தள்ளின, கால் எங்கோ மணலைத் தொட்டது. எழுந்து நின்றாள். வலைக்காரர் வீசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருமிக்கொண்டே திரும்பி நடந்து வந்தாள். முகத்தில் முடி ஒட்டியிருந்தது, மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுகியது. துடுப்பை வாங்கிக்கொண்டாள்.

"சரி, ஏறு" என்றாள்.